ஏழு பத்துக்கு ஒரு கூழைக்கடா

எனக்கு அவ மேல பொறாமை. இதை மூடி மறைச்சு என்ன ஆகப் போகுது? ஆறு வருஷமா எரிஞ்ச வயிறு இது. ஊர்ல சிலருக்கு ஓரகத்தி மேல வரும், சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரி மேல வரும். எனக்கு வந்தது நான் ஒரு தடவைகூட நேர்ல பார்க்காத ஒருத்தி மேல. சதுப்புக்கு அந்தப் பக்கம், வேற நாட்டுல, என்னை மாதிரியே ஒரு கோபுரத்துல ஏறி நின்னு பறவை எண்ணுறவ. அக்கரைக்காரின்னு பேர் வச்சிருந்தேன்.

சதுப்பு ஒண்ணுதான், நாடுதான் ரெண்டு. எந்தக் காலத்துலயோ எவனோ மேப்புல ஸ்கேல் வச்சு நடுவுல ஒரு கோடு இழுத்துட்டான். அந்தக் கோடு தண்ணிக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. அந்தப் பக்கம் பேசுறதும் நம்ம பாஷைதான். கடிகாரம் மட்டும் வேற. எங்களுது அவங்களுதைவிட அரை மணி முன்னால ஓடும், எங்களுக்கு ஏழுன்னா அவங்களுக்கு ஆறரை. செல்போன் எந்த நாட்டு டவரைப் பிடிக்குதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டும். எங்க வீட்டு அடுப்படியில ஏழு, மொட்டை மாடியில ஆறரை. எங்க வீட்டுக்காரர் மொட்டை மாடியில போய் நேரம் பார்த்துட்டுத்தான் இன்னும் கொஞ்சம் தூங்குவார்.

பத்தொன்பது வருஷமா இந்தக் கரையில எண்ணுறவ நான். ஆபீஸ்ல டெலஸ்கோப் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. எண்ணுறதுன்னா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரல் மடக்குறதில்ல. பத்து பறவை எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு முதல்ல கண்ணுல வாங்கிக்கணும். அந்தப் பத்தை வச்சு நூறு, நூறை வச்சு ஆயிரம். கையில ஒரு இரும்பு மெஷின் இருக்கும், கட்டைவிரலால அமுக்கினா டிக்குன்னு ஒரு எண் ஏறும். ஒரு டிக் நூறு பறவை. என் கட்டைவிரல் காய்ச்சுப் போயிருக்கும், வேணும்னா தொட்டுப் பாருங்க.

இவ்வளவு இருந்தும் மாசா மாசம் ரெண்டு ஆபீசும் எண்ணிக்கையை மாத்திக்கிட்டா, என்னுது நாலாயிரம், அவளுது ஒன்பதாயிரம். காரணம் இருக்கு. அவ பக்கம் தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள் இருக்கு, பாதிக்கு மேல பறவைங்க ராத்திரி அங்கதான் தூங்கும். காலையில ஏழரை வாக்குல கூட்டம் கூட்டமா எழும்பி எங்க சேத்துக்குத் தீனி தின்ன வரும், பொழுது சாயத்தான் திரும்பிப் போகும். ஒரு பறவை ரெண்டு பக்கமும் எண்ணப்படக் கூடாதுன்னு, அதுங்க மரத்துல இருக்கும்போதே, எங்க கடிகாரத்துக்கு ஏழுல இருந்து ஏழரைக்குள்ள ரெண்டு பேரும் எண்ணி முடிக்கணும்னு ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ஆனா பகல் முழுக்கச் சோறு போடுறது நான், பேர் வாங்குறது அவ. இது எந்த ஊர் நியாயம்?

எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் படகோட்டி. வாரம் ஒரு தடவை பெர்மிட் எடுத்துக்கிட்டு, சோதனைக்கு எடுத்த தண்ணி பாட்டிலும் காகிதமுமா அந்தக் கரைக்குப் போயிட்டு வருவார். போயிட்டுச் சும்மா வருவாரா? அந்தப் பொண்ணு கோபுரப் படிக்கட்டைத் துடைச்சு கண்ணாடி மாதிரி வச்சிருக்காம். அந்தப் பொண்ணு கையெழுத்து முத்து முத்தா இருக்காம். அப்போ அங்கேயே போய் முத்துக் குளிங்கன்னு சொன்னேன். உனக்கு ஏன் இப்படிப் பத்திக்கிட்டு வருதுன்னு கேட்டார். அன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு போடல, மறந்து இல்ல, வேணும்னுதான்.

அவளும் விட மாட்டா. போன்ல மெசேஜ் அனுப்புவா, அக்கா நல்லா இருக்கீங்களா, அக்கா முட்டி வலி தேவலையான்னு. என் முட்டி வலி அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் எங்க வீட்டு வானொலிதான். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டு அனுப்புவேன்.

போன வருஷம்தான் ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேச ஆரம்பிச்சாங்க. தண்ணி வர்ற மதகு அவங்க கையில. கோடையில அதை மூடிடுவாங்க, எங்க சேறு பாளம் பாளமா வெடிச்சுப் போகும். எங்க பக்கம் டவுன் லாரிங்க இடிச்ச வீட்டுக் கல்லும் மண்ணுமா கொண்டு வந்து ஓரத்துல கொட்டும், தீனி இடம் வருஷா வருஷம் சுருங்கும். தீனி இல்லன்னா எந்தப் பறவை அவங்க மரத்துல தங்கும்? மழைக்காலத்துல ரெண்டு டவுனும் மூழ்காம இருக்கிறதே இந்தச் சதுப்பு வெள்ளத்தைக் குடிச்சுக்கிறதாலதான், ரெண்டு பக்கத்து வலைக்கும் மீன் பொரியுறதும் இங்கதான். அதனால அவங்க கோடையிலும் மதகைத் திறக்கணும், நாங்க லாரியை நிறுத்தணும், சதுப்பு முழுக்க ஒரே கணக்கு, ஒரே ஆபீஸ்னு ஒப்பந்தம். ரெண்டு பக்கமும் ஒரே நாள் எண்ணி, அந்த எண்ணிக்கையை வச்சுக் கையெழுத்து.

அதோட இன்னொண்ணும் சொன்னாங்க. சதுப்பு முழுக்கத் தலைமை எண்ணுநர்னு ஒரே ஒரு ஆள் இருப்பாங்களாம். அந்த நாற்காலி எனக்கு வேணும். மதகு, லாரி, ஒப்பந்தம் எல்லாம் நல்லபடியா நடக்கட்டும், வேண்டாங்கல, ஆனா என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நாற்காலிதான். ஒன்பதாயிரம் எண்ணுறவளை விட்டுட்டு நாலாயிரம் எண்ணுறவளுக்கா குடுப்பாங்கன்னு புரண்டு புரண்டு படுத்தேன். அவ வந்து ஆறு வருஷம், நான் பத்தொன்பது. நேத்துப் பெஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான் எனக்கு மேல உட்காரணுமா?

எண்ணுற நாள் வந்துச்சு. போன் நேரத்தை நம்பாதீங்க, கைக்கடிகாரம் கட்டுங்க, எங்க நேரத்துக்கு வச்சுக்கோங்கன்னு ரெண்டு ஆபீஸ்லயும் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னாலயே ஏறிட்டேன். ஏழு அடிச்சப்போ என் சேத்துல நீர்க்காகமும் உள்ளானுமா வழக்கமான நாலாயிரம், அவ்வளவுதான். எதிர்ல அவ மரங்க வெள்ளை வெளேர்னு நிக்குது, இலையே தெரியல. ஒரே ஒரு தடவைன்னு தோணுச்சு. மெஷினை மடியில வச்சேன். பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊத்திக் குடிச்சேன். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏழரைக்கு எழும்பிச்சு பாருங்க. என் தலைக்கு மேல வந்து, சுத்தி, என் சேத்துல இறங்குச்சு. எட்டு வரைக்கும் டிக் டிக்குன்னு அமுக்கினேன். பத்தாயிரத்து எண்ணூறு. படிவத்துல நேரம் போடுற இடத்துல எல்லாம் அரை மணி குறைச்சு எழுதினேன், கை கூசல. அதுல ஒரு கூழைக்கடா, கால்ல சிவப்பு வளையம் மாட்டினது, எந்த ஆராய்ச்சிக்காரங்களோ எப்பவோ மாட்டி விட்டது. அத்தனை தூரத்துல அந்த வளையத்துல இருக்கிற எண்ணைப் படிக்கிறது எல்லார் கண்ணுக்கும் வராது. நாற்பத்தேழு. படிச்சுட்டேன். படிச்ச கை சும்மா இருக்குமா? சிவப்பு வளையம் 47, மணி ஏழு பத்துன்னு கொட்டை எழுத்துல எழுதினேன். உண்மையில அப்போ ஏழு நாற்பது.

கீழ இறங்கினப்போ வீட்டுக்காரர் படகுல உட்கார்ந்திருந்தார். கடிகாரம் கட்டுற பழக்கமே இல்லாத மனுஷன், ஆனா பறவை எழும்பினா மணி தெரியும். ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டார். முட்டி வலின்னேன். அவர் பறவை மேயுற சேத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் படகைத் தள்ளினார்.

ரெண்டு நாள் கழிச்சு எங்க ஆபீஸ் மாடியில கூட்டம். நீளமா மேசை, நீலத் துணி, ஆளுக்கொரு தண்ணி பாட்டில், கடகடன்னு ஒரு ஃபேன். அந்தப் பக்கத்து டைரக்டர் வந்திருந்தார், எங்க ஆபீசர் இருந்தார், தலைநகரத்துல இருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். அவரைப் பறவை டாக்டர்னு சொன்னதை நம்பி எங்க வாட்ச்மேன், கோழிக்கு மருந்து கேட்டுட்டு வந்து நின்னது தனிக் கதை.

அன்னிக்குத்தான் அவளை நேர்ல பார்த்தேன். ஒல்லியா, என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவ, மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் கழுத்துல கட்டியிருந்தா. நேரா வந்து அக்கான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. திமிர் பிடிச்சவளா இருந்திருந்தா எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும். எங்க வீட்டுக்காரர் டீத் தட்டைக் கீழ வச்சுட்டு ஓடி வந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு முக்காலி இழுத்துப் போட்டதில்ல.

பறவை டாக்டர் எண்ணிக்கையைப் படிச்சார். இந்தக் கரை பத்தாயிரத்து எண்ணூறு, அந்தக் கரை ஒன்பதாயிரத்து முந்நூறு. எல்லாரும் கை தட்டினாங்க. எங்க ஆபீசர் என்னைப் பார்த்துச் சிரிச்சார், எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. ஆனா அந்த மனுஷன் பென்சிலைக் கீழ வைக்கல. ரெண்டு படிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். சிவப்பு வளையம் நாற்பத்தேழு ரெண்டுலயும் இருக்கு, ரெண்டுலயும் ஏழு பத்து. ஒரே கூழைக்கடா ஒரே நிமிஷத்துல ரெண்டு நாட்டுல இருக்க முடியாதேன்னார்.

அந்தப் பக்கத்து டைரக்டர் முகம் மாறிப் போச்சு. ஒரு கரை எண்ணிக்கையை ஏத்திக் காட்டியிருந்தா, அவங்களை நம்பி மதகைத் திறங்கன்னு எங்க அரசாங்கத்துக்கிட்ட நான் சொல்ல முடியாதுன்னார். டாக்டர்தான் சமாதானமா, ஏத்திக் காட்டினதா இருக்காது, கடிகாரத் தப்பா இருக்கும், யாரோ வேற நேரத்துக்கு வச்சு எண்ணியிருக்காங்கன்னார். பொது நேரம் எங்க நேரம். அப்போ மாத்தி வைக்க மறக்கக்கூடியவ அவ ஒருத்திதான். எல்லாரும் அவ பக்கம் திரும்பினாங்க. உங்க ஊர் நேரத்துக்கு எண்ணிட்டீங்களாம்மான்னு டாக்டர் கேட்டார்.

ஒரே ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. காலையில பறவை என் கரையில இருந்துதான் அந்தக் கரைக்குப் போகும், நான் அரை மணி லேட்டா எண்ணியிருந்தா என் மரத்துல ஒன்பதாயிரம் எங்க இருந்திருக்கும்னு கேட்டா என் கதை முடிஞ்சது. தலைநகரத்துக்காரருக்கு அது தெரியாது, காலையில கோபுரம் ஏறாத ஆபீசருங்களுக்கும் தெரியாது. அறையில அது தெரிஞ்சவங்க மூணே பேர். அவ, நான், கதவோரம் டீத் தட்டோட நின்ன எங்க வீட்டுக்காரர்.

அவ என்னைப் பார்த்தா. கோபம் இல்ல அந்தப் பார்வையில. வளையத்துல என்ன எண்ணுன்னு படிக்கிற பார்வை. அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பினா.

“ஆமா சார், என் தப்பாத்தான் இருக்கும். வாட்ச்சை மாத்தி வைக்க மறந்துட்டேன் போல. மறுபடி எண்ணிடலாம்.”

எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. டைரக்டர் பாட்டிலைத் திறந்து தண்ணி குடிச்சார். தப்பைச் சட்டுன்னு ஒத்துக்கிறதுக்குப் பெரிய மனசு வேணும்மான்னு எங்க ஆபீசர் சொன்னார். பறவை டாக்டர் அதுக்கு ஆமா போட்டார். அப்புறம் ஆபீசர், எதுக்கும் தலைமை எண்ணுநர் அனுபவஸ்தரா இருக்கிறது நல்லதுன்னு சொல்லி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பக்கமும் மறுப்பு சொல்லல. வீட்டுக்காரர் எல்லாருக்கும் டீ குடுத்துக்கிட்டே வந்தார். அவளுக்கு ரெண்டு கையாலயும் குடுத்தார். எனக்குக் கடைசியா, முகத்தைப் பார்க்காம வச்சுட்டுப் போனார்.

நாற்காலி எனக்கு வந்துடுச்சு. பெரிய மனசு அவளுக்குப் போயிடுச்சு. என்னால தாங்க முடியல. ஒன்பதாயிரமும் அவளுக்கு, முத்து முத்தான கையெழுத்தும் அவளுக்கு, இப்போ தியாகிப் பட்டமும் அவளுக்கேவா? அவ போட்ட பிச்சையில நான் காலம் பூரா உட்கார்ந்திருக்கணுமா? நான் பெரிய மனசு காட்டுறதுக்கு எனக்கு எதுவுமே மிச்சம் வைக்க மாட்டாளா? எனக்கு மனசாட்சி உறுத்திடுச்சுன்னு பின்னால ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. மனசாட்சியாவது மண்ணாங்கட்டியாவது. பொறாமை, சுத்தமான பொறாமை.

எழுந்து நின்னேன்.

“அவ வாட்ச் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஏழரைக்கு மேல எண்ணிட்டு ஏழுன்னு எழுதினேன். தெரிஞ்சேதான் எழுதினேன்.”

எங்க ஆபீசர் என்னைப் பார்க்காம மேசைத் துணியைப் பார்த்தார். டைரக்டர் ஃபைலை மூடி, மேல கையை வச்சு, அப்போ நாங்க கிளம்புறோம்னார். பத்தொன்பது வருஷமும் மதகும் லாரியும் எல்லாம் அந்த மூடின ஃபைலுக்குள்ள போச்சு, என்னாலன்னு அப்போதான் உறைச்சுது.

அவதான் பேசினா. ஏமாத்தினது ஒரு கரை இல்ல சார், ஒரு ஆள், அந்த ஆளும் யாரும் கேட்காம தானே எழுந்து சொல்லிட்டாங்கன்னா. நானும் இப்போ உங்ககிட்டப் பொய்தான் சொன்னேன், அதையும் எழுதிக்கோங்கன்னா. ஞாயித்துக்கிழமை மறுபடி எண்ணலாம், நான் அவங்க கோபுரத்துல எண்ணுறேன், அவங்க என் கோபுரத்துல எண்ணட்டும், பக்கத்துல ஆளுக்கு ஒரு சாட்சி நிக்கட்டும், அப்போ யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லையேன்னா. டைரக்டர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு ஃபைலைத் திறந்தார். தலைமை எண்ணுநர் வேலையை அங்கேயே அவ பேருக்கு எழுதினாங்க. எங்க ஆபீசர் எனக்கு ஒரு மெமோ எழுதினார். இந்தத் தடவை யாரும் கை தட்டல.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். மூணு நாளா பேச்சு இல்ல. அவ கோபுரத்துப் படியில விரலை வச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன், தூசி இல்ல, மனுஷன் பொய் சொல்லல. எங்க நேரம் ஏழுக்கு ஆரம்பிச்சேன். பக்கத்துல அவங்க ஆபீஸ் கிளார்க் சாட்சிக்கு நின்னார். ஒன்பதாயிரத்து நானூறு. ஒரு டிக் கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. அதை எழுதி முடிச்சுக் கையெழுத்துப் போடும்போது எல்லாம் எழும்பிச்சு. இறக்கைக் காத்து முகத்துல அடிச்சது. கிளார்க் படிவத்தை எடுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டார், பெர்மிட்படி எங்க படகு திரும்புறது பத்து மணிக்குத்தான்.

அப்புறம் அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் மரம், வெள்ளையா எச்சம், இறக்கையை விரிச்சுக் காய வச்சுக்கிட்டு ஒரே ஒரு நீர்க்காகம். எட்டரை, ஒன்பது. பார்க்கிறதுக்கு ஒரு பொருள் கிடையாது. டெலஸ்கோப்பை என் கரைப் பக்கம் திருப்பினேன். என் சேறு முழுக்க நடமாட்டம், கரண்டிவாயன் துழாவுது, கூழைக்கடா வரிசையா முங்குது, நாரைங்க சண்டை போடுது. என் கோபுரத்துல, என் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவ நிக்கிறா. என் நாற்காலிக்கு வந்தவ என் பறவையையும் பார்க்கிறா. என் சொந்தக் கோபுரத்தைப் பார்த்தே எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

போன் அடிச்சது, அவதான். உங்க கரையில நாலாயிரத்து நூறுக்கா, கூட்டினா பதிமூணாயிரத்து ஐந்நூறு, ரெண்டு சாட்சியும் சரின்னுட்டாங்க, நாளைக்குக் கையெழுத்துப் போடுறாங்களாம், இந்தக் கோடைக்கே மதகு திறப்பாங்கன்னா. குரல்ல சந்தோஷம். நான் உம்முனு கேட்டுக்கிட்டு, அன்னிக்கு எனக்காக நீ எதுக்குப் பொய் சொன்னேன்னு கேட்டேன்.

“உங்களுக்காக இல்லக்கா, தண்ணிக்காகச் சொன்னேன். உங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல்தான். இப்போ என் கோபுரத்துல என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம். ஆறு வருஷமா விடிஞ்சு அரை மணியில எல்லாம் என்னை விட்டுட்டு உங்ககிட்ட வந்துடும். நான் பொழுதன்னைக்கும் வெறும் மரத்துக்கு முன்னால உட்கார்ந்து உங்க கரையைப் பார்த்து வயிறு எரிஞ்சுக்கிட்டிருந்தேன். இதுல அண்ணன் வேற வாரா வாரம் வந்து, எங்க வீட்டுல எண்ணுற மாதிரி இந்த உலகத்துல யாரும் எண்ண முடியாதுன்னு ஒரே பெருமை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.”

கீழ படகுல எங்க வீட்டுக்காரர் துண்டை முகத்துல போட்டுக்கிட்டுத் தூங்குறது தெரிஞ்சது. அக்கா, லைன்ல இருக்கீங்களான்னு கேட்டா.

“இருக்கேன். இன்னொரு தடவை சொல்லு.”

“எதைக்கா?”

“வயிறு எரிஞ்சேன்னு சொன்னியே, அதை.”